ஒன்பது பல் சீப்பு

உமாதேவி மைசூரில் பிறந்தவர். ரயில்வே வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்த அப்பா, மாற்றல் கேட்க மறந்து இங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்ததில் உமாதேவிக்கு மூன்று மொழியிலும் பொறுமையாகப் பேச வரும். எந்த மொழியிலும் சத்தம் போட வராது. பி.காம். முடித்து, கல்யாணமாகி, அதே ஊரில் விஜயநகரில் குடியேறிய வருஷம் பக்கத்து ஹெப்பாளில் ஓர் ஊதுபத்தித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஸ்டோர்ஸ் பிரிவு. இயந்திரங்களுக்கான உதிரி பாகங்களை வாங்கி வைக்க வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்டது இல்லையென்றால் எப்போது வரும் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வேலையில் போயிற்று.

அங்கே பாக்கெட் போடும் இயந்திரங்கள் மூன்று இருந்தன. மூன்றும் வெளிநாட்டில் செய்தவை, வாங்கும்போதே பழையவை. ஊதுபத்திகளை ஒரு கட்டாகச் சேர்த்து உறைக்குள் தள்ளி, உறையின் வாயைச் சூட்டில் ஒட்டி வெளியே அனுப்பும். பத்திகளை நேராக்குகிற வேலையைச் செய்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. கையேட்டில் அதற்குப் பதினோரு இலக்க எண் ஒன்று இருந்தது. தொழிற்சாலையில் எல்லோரும் சீப்பு என்றார்கள். அதற்கு ஒன்பது பற்கள். நிமிஷத்துக்கு நாற்பது தடவை இறங்கி, பத்திகளைச் சீவிவிட்டு, மேலே போகும். பல் வரிசை தனி, பிடி தனி. இரண்டையும் மூன்று திருகுகள் சேர்த்துப் பிடித்திருந்தன. அந்தத் திருகுகளில் ஒன்று ஒருமுறை கழன்று பாக்கெட்டுக்குள் விழுந்து ஹூப்ளி வரைக்கும் போயிருக்கிறது. வாங்கியவர் அதைத் தபாலில் திருப்பி அனுப்பினார்.

மூன்று வருஷத்துக்கு முன், நம் ஆடி மாதிரி அங்கே வரும் ஆஷாட மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழிற்சாலையில் பாதிப்பேர் விடுப்பெடுத்துக்கொண்டு சாமுண்டி மலைக்குப் போயிருந்த காலையில், இரண்டாம் இயந்திரத்தின் சீப்பில் ஒரு பல் உடைந்தது. அந்த இயந்திரத்தில் இருந்தவர் பொன்னம்மா. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருஷமாக அதே இயந்திரத்தில் வேலை செய்பவர். அவர் இயந்திரத்தை நிறுத்தி, உடைந்த பல்லைப் பத்திகளுக்கிடையில் தேடி எடுத்து, சீப்பையும் கழற்றி, இரண்டையும் ஒரு காகிதத்தில் மடித்து ஸ்டோர்ஸுக்குக் கொண்டுவந்தார்.

"அக்கா, சீப்பு போச்சுங்க."

"எந்தப் பல்லு?"

"எப்பவும் போறதுதானுங்க. நாலாவது."

மாற்றுச் சீப்பு கையிருப்பில் இல்லை. உமாதேவி இயந்திரம் செய்த கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அன்றைக்கே பதில் வந்தது. வழக்கமாக நாலு நாள் ஆகும் என்பதால் அவர் அதைத் திறக்கும்போதே நல்ல செய்தியை எதிர்பார்க்கவில்லை. அந்த மாடலை நிறுத்தி ஆறு வருஷம் ஆயிற்று, தனியாகச் செய்து அனுப்பப் பதினான்கு வாரம் ஆகும், எங்கள் இயந்திரத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். உமாதேவியும் நன்றி சொல்லி ஆர்டர் போட்டார்.

பதினான்கு வாரத்தில் தசராவே முடிந்துவிடும். வரமகாலட்சுமி நோன்பு, பிள்ளையார் சதுர்த்தி, தசரா என்று வரிசையாக வரும் அந்த மூன்று மாதத்தில்தான் தொழிற்சாலையின் பாதி வருஷத்து விற்பனை நடக்கும். மேனேஜர் நஞ்சுண்டப்பா உமாதேவியைக் கூப்பிட்டார். இருவரும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். இங்கே தமிழில் தருகிறேன்.

"உள்ளூரில் செய்யச் சொல்லுங்களேன்" என்றார் நஞ்சுண்டப்பா.

உமாதேவி பிளாஸ்டிக் வார்ப்பவர்கள் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு வந்தார். "அச்சு வெட்டவே ஆறு வாரமாம் சார். வெட்டினால் குறைந்தது ஐந்நூறு வார்க்கணுமாம்."

"ஐந்நூறு சீப்பு எத்தனை நாளைக்கு வரும்?"

"நமக்கு வருஷத்துக்கு நாலு உடைகிறது. நூற்று இருபத்தைந்து வருஷத்துக்கு வரும்."

நஞ்சுண்டப்பா வேண்டாம் என்றார்.

அடுத்து உமாதேவி ஒரு பட்டறைக்காரரிடம் போனார். அவர் நைலான் கட்டியில் குடைந்து செய்யலாம் என்று தொடங்கி, பற்களின் உள்வளைவுக்குள் தன் கருவி நுழையாது என்று கண்டுகொண்டு திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது, பின்னால் மூன்றாவது ரோட்டில் ஒரு பெண் பிளாஸ்டிக்கைப் பிரிண்ட் அடிக்கிறாள், கேட்டுப் பாருங்கள் என்றார்.

அந்தப் பெண்ணின் பெயர் மேகனா. வயது இருபத்தொன்பது. அக்ரஹாரத்தில் வளர்ந்த தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் கன்னடம்தான் சரளம், தமிழ் பேசும்போதும் அது நடுநடுவே வந்துவிடும். ஹெப்பாளிலேயே பெரிய ஐ.டி. வளாகத்தில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். உள்ளே சின்ன இயந்திரங்கள் இரண்டு, பீரோ அளவில் பெரிய இயந்திரம் ஒன்று. சின்ன இயந்திரத்தில் ஓர் ஊசிமூக்கு, உருகிய பிளாஸ்டிக்கை இடியாப்பம் பிழிகிற மாதிரி மெல்லிய இழையாக விட்டுக்கொண்டே போய்வந்தது. ஓர் அடுக்கு முடிந்ததும் அதன்மேல் அடுத்த அடுக்கு. கீழேயிருந்து ஒரு கதவுக் கைப்பிடி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

"எத்தனை வேணும் ஆண்ட்டி?" என்று கேட்டாள் மேகனா.

உமாதேவி இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டேதான் வந்திருந்தார். "ஒண்ணுதாம்மா" என்றார்.

"சரி."

"ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுன்னா ஒண்ணு, ஆண்ட்டி. நான் அச்சு வெட்டறது இல்லையே. கம்ப்யூட்டர்ல படம் இருந்தா சாக்கு, அது போதும், மெஷின் பண்ணிடும். பத்தாயிரம் வேணும்னா என்கிட்ட வராதீங்க, வார்க்கறவங்ககிட்டயே போங்க. அவங்கதான் சீப். ஒண்ணு ரெண்டுன்னா இங்க வாங்க. அஷ்டே, அவ்வளவுதான்."

உமாதேவி உடைந்த சீப்பைக் கொடுத்துவிட்டு வந்தார். மேகனா அதைச் சுழலும் தட்டில் வைத்து நாலு பக்கமும் ஸ்கேன் செய்து, உடைந்த பல்லைத் திரையில் ஒட்டவைத்து, திங்கட்கிழமை காலை புதுச் சீப்பைக் கொடுத்தாள். பச்சை நிறம். இயந்திரத்தில் அப்போது பச்சை இழைதான் மாட்டியிருந்ததாம்.

நஞ்சுண்டப்பா அதை வாங்கிப் பார்த்தார். "இது பிரிண்ட் செய்ததா?"

"ஆமாம் சார்."

"நனைந்தால் என்ன ஆகும்?"

"ஒன்றும் ஆகாது. பிளாஸ்டிக் சார்."

"பிறகு எதற்குப் பிரிண்ட் என்கிறீர்கள்?"

சீப்பை மாட்டினார்கள். பொன்னம்மா இயந்திரத்தை ஓட்டினார். முதல் பாக்கெட்டிலேயே பத்திகள் இடது பக்கம் சாய்ந்து வந்தன. சரியாகிவிடும் என்று நாற்பது பாக்கெட் பார்த்தார்கள். நாற்பதும் ஒரே அளவில் சாய்ந்திருந்தன. பொன்னம்மா இயந்திரத்தை நிறுத்தி, சீப்பைக் கழற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது தேஞ்ச சீப்புங்கக்கா."

"இன்னிக்குத்தானே செஞ்சது?"

"இன்னிக்குச் செஞ்ச தேஞ்ச சீப்புங்க. பாருங்க, மூணாவது பல்லும் ஏழாவதும் உள்ள வாங்கியிருக்குது. பழசு தேஞ்சு தேஞ்சு அப்படி ஆயிருந்துச்சு. அதையே அச்சு அசலா எடுத்துட்டாங்க."

ஒரு வருஷத் தேய்மானம் கொஞ்சமும் குறையாமல் புதிதாக வந்திருந்தது. மற்ற இரண்டு இயந்திரங்களின் சீப்புகளும் தேய்ந்தவைதான். புதுச் சீப்பில் ஒவ்வொரு பல்லும் எப்படி நிற்கும் என்று தொழிற்சாலையில் மனப்பாடமாக அறிந்தவர் பொன்னம்மா ஒருவர்தான். அன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் உமாதேவி அவரைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மேகனாவின் ஷெட்டுக்குப் போனார்.

மேகனா திரையில் சீப்பைப் பெரிதாக்கிக் காட்டினாள். முதலில் பொன்னம்மா திரையைத் தொடத் தயங்கினார். பிறகு ஒவ்வொரு பல்லாக, இது இவ்வளவு நிமிரணும், இது இவ்வளவு தள்ளணும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாலாவது பல்லின் அடியில் விரலை வைத்தார்.

"இது ஒடையறதே இங்கதானுங்க. மூலை சதுரமா இருக்குதுல்ல, அதுல இருந்துதான் வெடிக்குது."

மேகனா அந்த மூலையை வளைவாக்கினாள். ஒன்பது பற்களின் அடியையும் கொஞ்சம் தடிமனாக்கினாள். "இந்தத் திருகு எதுக்கு ஆண்ட்டி?" என்று உமாதேவியைக் கேட்டாள்.

"ரெண்டு துண்டா இருக்கே, சேர்க்கணுமே."

"ஏன் ரெண்டு துண்டு?"

உமாதேவி பொன்னம்மாவைப் பார்த்தார். பொன்னம்மா உமாதேவியைப் பார்த்தார். அச்சில் வார்க்கும்போது பிடியையும் பல்லையும் ஒரே துண்டாக வெளியே எடுக்க முடியாது, அதனால் இரண்டாகச் செய்து திருகு போட்டிருப்பார்கள் என்று மேகனாவே யோசித்துச் சொன்னாள். இங்கே அடுக்கடுக்காக எழுப்புவதால் அந்தச் சிக்கல் இல்லை. பிடியும் பல்லும் திரையில் ஒன்றாயின. திருகுகள் காணாமல் போயின. எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார் பொன்னம்மா. அந்தச் சதுர மூலையை அவர் பதினோரு வருஷம் பார்த்திருந்தார்.

இரண்டாவது சீப்பு புதன்கிழமை மாட்டப்பட்டது. அதுவும் பச்சை. பத்திகள் நேராக வந்தன. நஞ்சுண்டப்பா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனார். பதினோரு மணிக்குப் பற்கள் லேசாக வளைந்தன. பன்னிரண்டு மணிக்கு ஒன்பதும் கீழே தொங்கின. உறையை ஒட்டும் சூட்டுத் தாடை சீப்பிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் இருந்தது. அதை யாரும் மேகனாவிடம் சொல்லவில்லை. நஞ்சுண்டப்பா வந்து சீப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பதினான்கு வாரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் உமாதேவியைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தத் தாமதம் வெளிநாட்டுக் கம்பெனியுடையது. ஜன்னலில் தொங்குவது அவருடையது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேர் இது என்ன என்று கேட்டார்கள். அவர் சீப்பு என்றார்.

மறுநாளும் பொன்னம்மாவைக் கூட்டிக்கொண்டு மேகனாவிடம் போனார்.

"அங்க எஷ்டு டிகிரி சூடு இருக்கும் ஆண்ட்டி?"

"தெரியாதும்மா. நாங்க அளந்ததில்லை."

"நான் கேட்டிருக்கணும். தப்பு என்னோடது. இந்தப் பச்சை, அளவு பார்க்க மட்டும்தான். சூட்டுக்கு நைலான்தான் வேணும். பெரிய மெஷின்ல போடறேன்."

பெரிய இயந்திரம் வேறு மாதிரி வேலை செய்தது. ஒரு பெட்டிக்குள் நைலான் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பும். வேண்டிய இடத்தை மட்டும் லேசர் சுட்டு இறுக்கும். அதன்மேல் இன்னொரு படலம். ஒருநாள் ஓடும், ஆறுவதற்கு இன்னொரு நாள். பெட்டி நிறையும் அளவுக்குப் பலபேருடைய சாமான்களைச் சேர்த்துத்தான் மேகனா அதை ஓட்டுவாள். சீப்பைப் போட்ட பிறகும் ஓரத்தில் இடம் மிச்சம் இருந்தது.

"வேற ஏதாவது சின்னதா இருந்தா சொல்லுங்க, சேர்த்துப் போட்டுடலாம்" என்றாள்.

உமாதேவிக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை. பொன்னம்மா அப்போது வளைந்த பச்சைச் சீப்பில், பல் தடிமன் எங்கே வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க லெஃப்ட் ஹேண்டா?" என்று கேட்டாள் மேகனா.

"ஆமாங்க. ஆனா வேலையில வலதுங்க."

"அது ஏன்?"

"கரண்டி வலதுங்களே."

கரண்டி என்பது எடைபோட்ட பத்திகளை அள்ளி இயந்திரத்தின் வாயில் சரிக்கும் பிளாஸ்டிக் கருவி. வலது கையில் பிடித்தால்தான் அதன் உதடு இயந்திரத்தின் பக்கம் பார்க்கும். பொன்னம்மா வேலைக்குச் சேர்ந்த வருஷமே இடது கைக்கு ஒன்று கிடைக்குமா என்று ஸ்டோர்ஸில் கேட்டார். உமாதேவி கம்பெனிக்கு எழுதினார். குறைந்தபட்ச ஆர்டர் ஐந்நூறு என்று பதில் வந்தது. "இல்லையாம் பொன்னம்மா" என்று அவர் சொன்னார். "சரிங்க" என்று இவர் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு நாளைக்கு மூவாயிரம் முறை அள்ள வேண்டும். நாலாவது வருஷத்திலிருந்து பொன்னம்மா வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டுதான் வேலை செய்தார். தினமும் அந்தத் துணியைப் பார்த்த உமாதேவிக்கு அந்தக் கடிதம் ஒருமுறைகூட நினைவுக்கு வந்ததில்லை. இப்போது வந்தது.

"மேகனா," என்றார், "அந்த மிச்ச இடத்துல ஒரு கரண்டி போட முடியுமா? இப்ப இருக்கறதைக் கண்ணாடியில பார்த்த மாதிரி?"

"திருப்பறது ஒரு கிளிக்தான் ஆண்ட்டி. பிடி மட்டும் இவங்க கை அளவுக்கு எடுத்துடறேன்."

மேகனா ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்தாள். பொன்னம்மா அதை இடது கையால் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்தார். விரல் பதிந்த அந்தக் களிமண்ணைச் சுழலும் தட்டில் வைத்து ஸ்கேன் செய்தார்கள். பொன்னம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, "இதுக்கு மேலிடத்துல கேக்க வேண்டாங்களா அக்கா?" என்றார்.

"கேட்டுக்கறேன்" என்றார் உமாதேவி. கேட்கவில்லை.

பெட்டி நிறைந்து, ஓடி, ஆறி, நாலு நாள் கழித்துத் திறந்தபோது, திருநீற்றுக் குவியலைக் கிளறுவதுபோல் மேகனா பொடியைத் தூரிகையால் தள்ளித் தள்ளி, முதலில் ஒரு கரண்டியையும் பிறகு ஒரு சீப்பையும் வெளியே எடுத்தாள். சல்லடையில் அரித்த பொடி அடுத்த வேலைக்குப் போயிற்று.

மூன்றாவது சீப்பை மாட்டிய நாள், பழையது உடைந்ததிலிருந்து பன்னிரண்டாம் நாள். பதினோரு மணிக்கு நஞ்சுண்டப்பா வந்து நின்றார். பன்னிரண்டு மணிக்கும் வந்தார். மூன்று மணிக்கு அவர் வரவில்லை. வரமகாலட்சுமிக்கும், பிள்ளையார் சதுர்த்திக்கும், தசராவுக்கும் அந்தச் சீப்பே சீவியது. உடையவில்லை. கழன்று விழத் திருகும் இல்லை.

கரண்டி முதல் மூன்று நாள் தொந்தரவாகத்தான் இருந்தது. பொன்னம்மாவின் உடம்பு பதினோரு வருஷமாக ஒரு பக்கம் திரும்பிப் பழகியிருந்தது. கை சரியாகப் போனாலும் தோள் பழைய இடத்தைத் தேடியது. பத்திகள் கீழே கொட்டின. நாலாம் நாள் கொட்டவில்லை. அடுத்த வாரம் அவர் மணிக்கட்டில் துணி சுற்றாமல் வந்தார்.

"எப்படி இருக்கு?" என்று சாப்பிடும்போது உமாதேவி கேட்டார்.

"கை இருக்கறதே தெரியலைங்கக்கா" என்றார் பொன்னம்மா. பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பவே செஞ்சிருக்கலாங்கல்ல" என்றார்.

"அப்ப முடியலை பொன்னம்மா."

"அதுஞ் சரிதானுங்க."

முடியாது என்று எழுதி வந்த காகிதத்தைக் கோப்பில் போட்டதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்ததில், இன்னும் என்னவெல்லாம் கோப்பில் இருக்கிறது என்று உமாதேவி அன்று மாலை எடுத்துப் பார்த்தார். கிடைக்காது, ஐந்நூறு வாங்க வேண்டும் என்று வந்த அறுபத்தொரு காகிதங்கள் கிடைத்தன. அவற்றை அப்படியே நஞ்சுண்டப்பாவின் மேஜையில் வைத்தார். இரண்டாம் இயந்திரத்தில் பாக்கெட் எண்ணிக்கை ஏன் கூடியிருக்கிறது என்று அவர் அப்போது யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் கரண்டிக்கு அனுமதி கேட்கவில்லை என்பதையும் உமாதேவி அப்போதே சொன்னார். "இப்போது கேளுங்கள்" என்றார் நஞ்சுண்டப்பா. அவர் கேட்டார். கிடைத்தது.

அந்தக் காகிதங்களில் இருந்த அறுபத்தொரு பாகங்களில் முப்பத்தெட்டை மேகனாவால் செய்ய முடிந்தது. பேரிங், இரும்புத் தண்டு, மோட்டார் இவற்றை வழக்கம்போல் வாங்கத்தான் வேண்டும். முப்பத்தெட்டுக்கும் படங்கள் கம்ப்யூட்டரில் ஏறின. தேவைப்பட்டால் தேவைப்பட்ட அளவு மட்டும் செய்துகொள்ளலாம் என்று ஆனதும் ஸ்டோர்ஸில் அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு பெட்டியில் எண்ணூற்றுப் பத்து மூடிகள் இருந்தன. எப்போதோ விற்றுவிட்ட இயந்திரத்துக்கானவை. அந்த இயந்திரத்துக்குத் தேவைப்பட்டது நாலு மூடி.

வெளிநாட்டுச் சீப்பு பதினைந்தாம் வாரம், தசரா முடிந்த பிறகு, நல்ல பெட்டியில் வந்தது. சதுர மூலை, மூன்று திருகு. உமாதேவி பதிவேட்டில் எழுதி அலமாரியில் வைத்தார். இதுவரை யாரும் கேட்கவில்லை.

பொன்னம்மாவைப் பார்த்துவிட்டு, நாங்களும் இடது கைதான் என்று இன்னும் நாலு பெண்கள் ஸ்டோர்ஸுக்கு வந்தார்கள். முப்பத்துநாலு பேர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து பேர். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியாக வந்தவர் லிங்கம்மா. இருபத்தாறு வருஷம் வேலை செய்தவர். ஓய்வு பெற நாலு மாதம்தான் இருந்தது.

"நாலு மாதத்துக்கு எதற்கு?" என்று நஞ்சுண்டப்பா கேட்டார்.

"அடுத்த பெட்டியில் இடம் இருக்கிறது சார்" என்றார் உமாதேவி. "ஒன்றுதானே."

லிங்கம்மா களிமண்ணைப் பிடித்துக் கொடுத்தார். கரண்டி வந்தது. நாலு மாதம் வேலை செய்தார். கடைசி நாள் மாலை போட்டு, பழத்தட்டு கொடுத்து அனுப்பினார்கள். வாசலில் செக்யூரிட்டிக்காரர் அவர் பையிலிருந்து கரண்டியை எடுத்து, இது கம்பெனி சாமான் அல்லவா, வெளியே போக ஸ்டோர்ஸ் சீட்டு வேண்டும் என்று நிறுத்திவிட்டார். உமாதேவி வந்து சீட்டு எழுதினார். பொருள்: கரண்டி. எண்ணிக்கை: ஒன்று. வெளியே கொண்டுபோகக் காரணம் என்ற இடத்தில் விற்பனை, பழுது, திருப்பி அனுப்புதல் என்று மூன்றுதான் அச்சிட்டிருந்தது. மூன்றையும் அடித்துவிட்டு, "இவர் கைக்கு அளவெடுத்துச் செய்தது, வேறு யாருக்கும் பொருந்தாது" என்று கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செக்யூரிட்டிக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். கரண்டியைத் தன் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு லிங்கம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.